மாப்பிள்ளை போட்ட கணக்கு

அப்புத்தளை,
வெள்ளிக்கிழமை.

அன்புச் சிநேகிதிக்கு,

உன் சுகத்தை நீ எழுதுவாய் என்று காத்திருந்தால் என் கதை ஆறிப்போய்விடும், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். எங்கள் சின்ன மாமா மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை பண்டாரவளைப் பக்கம் கணித வாத்தியார். ஆள் தங்கம்தான். ஆனால் வாயைத் திறந்தால் கணக்கு!

நிச்சயம் முடிந்த மறுநாள் இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் தியலும பார்க்கப் போனோம். பெரகலயில் இறங்கி, கொஸ்லந்தையைத் தாண்டினால், வெல்லவாய ரோட்டில் நின்றபடியே அண்ணாந்து பார்க்கலாம். 220 மீட்டர், நாட்டில் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி.

"மேலே இருந்து விழுற தண்ணி கீழே வர எவ்வளவு நேரம்?" என்றார் மாப்பிள்ளை. சித்தி ஒரு நிமிடம் என்றாள். அவர் முறுக்குச் சுற்றியிருந்த தாளை விரித்து, எண்ணெய்க் கறைக்குப் பக்கத்திலேயே எழுதினார்: உயரத்தை இரட்டித்தால் 440. அதை 9.8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 6.7 விநாடி. மறுபடி 9.8ஆல் பெருக்கினால் கீழே வந்து சேரும் வேகம், விநாடிக்கு 66 மீட்டர். மணிக்கு 236 கிலோமீட்டர்! வேன் டிரைவர் கூட எட்டிப் பார்த்தார்.

விழும் பொருள் முதல் விநாடியில் 4.9 மீட்டர்தான் இறங்குமாம். அடுத்ததில் 14.7, அதற்கடுத்ததில் 24.5. ஒன்று, மூன்று, ஐந்து என்ற அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் கலிலியோ. "பம்பரக்கந்த நீர்வீழ்ச்சி 263 மீட்டர். இதைவிட 43 மீட்டர் கூட. ஆனா நேரம் அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலேதான் கூடும். கடைசியில வேகம் அப்படி!" என்றார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதுவரை வாய் திறக்காத நம் பெண், போனை எடுத்து நேரம் பிடித்தாள். உச்சியில் வெள்ளையாகப் பிரிந்த ஒரு கொத்துத் தண்ணீரைக் காட்டி, "அதையே பாருங்க" என்றாள். நானும் கண் கொட்டாமல் பார்த்தேன். கொத்து பாறையில் உரசி, சிதறி, கடைசியில் புகையாய் அலைந்தது. "உங்க நேரம் முடிஞ்சிருச்சு சேர், தண்ணி இன்னும் பாதி வழியிலதான் நிக்குது."

மாமியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

அவள் விடவில்லை. தண்ணீர் உடைய உடையக் காற்று அதை அதிகமாகத் தாங்குகிறது. துளியின் பாரமும் காற்றின் தடையும் சமமானதும் வேகம் அதற்குமேல் ஏறாது. பெரிய மழைத்துளி கூட விநாடிக்கு 9 மீட்டர் அளவில்தான் விழும். காற்றே இல்லாமல் 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். "அப்புறம் பொலித்தீனைப் போர்த்திக்கிட்டு மழையில யாரு கொழுந்து எடுக்கிறது?" என்றாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை, கேள்வி அங்கேதான் போகும்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவரோ சிரித்தார். 1971இல் விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் சந்திரனில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டாராம். அங்கே காற்று இல்லாததால் இரண்டும் சேர்ந்தே விழுந்தனவாம். சொல்லிவிட்டு, முறுக்குத் தாளில் கணக்குக்கு மேலே "காற்று இல்லாவிட்டால்" என்று எழுதி அவளிடமே நீட்டினார். நம்மைப் படிப்பித்தவர்கள் சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்க வைத்தார்களே, அதற்குமேல் இப்படி ஒரு வரி எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. அந்த ஒரு வரிக்காகவே இந்த மனுசனை எனக்குப் பிடித்துவிட்டது.

பெண் வாயாடி என்று மாமி இன்னும் முணுமுணுக்கிறாள். மாப்பிள்ளையோ தினமும் இரவு போன் பேசுகிறார். கணக்குத்தான் பேசுகிறார்களாம், நம்பிவிட்டோம்! தையில் கல்யாணம். டிக்கெட்டை இப்போதே போடு, பிறகு விலை ஏறிவிட்டது என்று என்னிடம் அழாதே.

உன் அன்பு மறவாத சிநேகிதி