கழுவிப் போகும் கஞ்சி

ஒற்றை இழைப் பருத்தி நூலைக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால், ஒரு முழம் ஓடுவதற்குள் பாவு அறுந்து தொங்கும். விழுது மேலும் கீழும் இழுக்கிறது, அச்சு முன்னும் பின்னும் உரசுகிறது, நாடா குறுக்கே பாய்கிறது. துணியாகி வெளியே வருவதற்குள் ஒவ்வோர் இழையும் ஆயிரக்கணக்கான முறை இந்த உரசலைத் தாங்கியாக வேண்டும். அதற்கான தெம்பைக் கொடுப்பது மாவுக் கஞ்சி. சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்து தறிக்குடோன்களைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் தறிகள் நின்றபோது பத்திரிகைகளும் எழுதின. அந்தத் தறிகளுக்குக் கஞ்சி போட்ட பாவை அனுப்பும் சைசிங் மில்களை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அங்கே கஞ்சி காய்ச்சுகிறவர்களையும், அவர்கள் கையாலேயே கட்டிக்கொண்ட ஒரு கொப்பரையையும் பார்க்கப் போயிருந்தேன்.

மில் பெரியதல்ல. ஒரு வார்ப்பிங் எந்திரம், ஒரு சைசிங் எந்திரம், ஒரு கொதிகலன், விறகு அடுக்க ஒரு கொட்டகை. கோனில் வரும் நூலை வார்ப்பிங்கில் பீம் என்கிற பெரிய உருளையில் சுற்றுகிறார்கள். அப்படிப் பல பீம்களைப் பின்னால் மாட்டி, இழைகளையெல்லாம் ஒரே விரிப்பாகச் சேர்த்துக் கஞ்சித் தொட்டியில் முக்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே பிழிந்து, நீராவியால் சூடான உருளைகளின் மேல் ஓடவிட்டு உலர்த்தி, கடைசியில் தறிக்குப் போகும் பீமில் ஏற்றுகிறார்கள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. உள்ளே போய் நின்றால் புழுக்கம் முகத்தில் அறைகிறது. தரை எந்நேரமும் வழுக்குகிறது. பஞ்சுத் தூசி வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் அப்பிக்கொள்கிறது. இந்த வெக்கையில் ஷிப்ட் முழுக்க நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள். மீதிப் பேர் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள்.

கொப்பரை, எந்திரத்துக்குப் பக்கத்தில் ஆறடி உயர இரும்பு மேடையில் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கம்பெனியின் பெயர்த் தகடும் அதில் கிடையாது. மில்லில் இன்னமும் ஓய்வு பெறாமல் பிட்டராக வேலை பார்க்கும் ஒரு பெரியவரின் கைவண்ணம் அது. எல்லோரும் அவரை ‘பிட்டரண்ணா’ என்றே கூப்பிடுகிறார்கள். சிறு வயதில் கோவையில் லேத் பட்டறையில் எடுபிடியாக இருந்தவர். கோவைப் பக்கம் இப்படி ஒருவர் இருப்பதில் ஆச்சரியமில்லை. கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடு பிறந்த கலங்கல் இங்கிருந்து அதிக தூரமில்லை. வேண்டிய எந்திரத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்ற துணிச்சல் இந்த மண்ணில் மூன்று தலைமுறையாக ஊறிக் கிடக்கிறது.

“வாங்க தம்பி, இப்படி மேல ஏறி வாங்க. கைப்பிடி சூடா இருக்கும், பாத்துங்க” என்று முன்னால் ஏறினார்.

தொடக்கத்தில் அங்கே இருந்தது ஒரு தகர ட்ரம். மாவையும் தண்ணீரையும் கொட்டி, குழாய் வழியாக நீராவியை நேரே உள்ளே விட்டு, மரத்துடுப்பால் இரண்டு பேர் மாறி மாறிக் கிண்டுவார்கள். “கை நின்னாக் கட்டி தட்டிரும்ங்க. கட்டி நூல்ல ஒட்டுனா அப்படியே அச்சுல போய் மாட்டும். பத்து இழையச் சேத்து அத்துட்டுப் போயிரும்.” கிண்டுவதை விடப் பெரிய தொல்லை நீராவியில் இருந்தது. 500 லிட்டர் கஞ்சியை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 60 கிலோ நீராவி வேண்டும். அத்தனையும் குளிர்ந்து தண்ணீராகி அந்தக் கஞ்சியிலேயே கலந்துவிடும். அது தெரிந்தே தண்ணீரைக் குறைத்து ஊற்றலாம்தான். ஆனால் விறகு ஈரமாக இருக்கும் நாளில் கொதிகலனில் அழுத்தம் இறங்கும். நீராவியோடு நீர்த்துளியும் சேர்ந்து வரும். மாவு அதே எடை, கஞ்சி வேறு பதம். காலையில் ஏற்றிய பீம் ஒரு மாதிரியும் மாலையில் ஏற்றிய பீம் வேறு மாதிரியும் ஓடும். தறிக்காரர் பாவைத் தூக்கிக்கொண்டு மில் வாசலில் வந்து நிற்பார்.

ஆகவே நீராவி கஞ்சியைத் தொடக்கூடாது என்று பிட்டரண்ணா முடிவு செய்தார். பால் குக்கரைப் போல இரட்டைச் சுவர் வைத்த எஃகுத் தொட்டி; சுவர்களின் நடுவே நீராவி. பழைய இரும்புக் கடையில் எஃகுத் தொட்டியை வாங்கியவர், வெளிச்சுவரைத் தானே பற்றவைக்க மறுத்துவிட்டார். அழுத்தம் தாங்கும் வேலையைத் தெரிந்த பட்டறையில் கொடுத்து, தண்ணீர் அழுத்தச் சோதனை பார்த்து, பாதுகாப்பு வால்வு வைத்த பிறகுதான் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தானே எல்லாவற்றையும் செய்யத் தெரிந்த மனிதர், எதைத் தான் செய்யக்கூடாது என்பதிலும் இவ்வளவு தெளிவாக இருந்தது எனக்குப் பெரிதாகப் பட்டது. இது போன்ற உள்ளூர்க் கருவிகளைப் பாராட்டி எழுதும்போது நாம் தவறவிடுவது இந்த நிதானத்தைத்தான்.

இரட்டைச் சுவர் வந்ததும் தண்ணீர்த் தொல்லை தீர்ந்தது, அடிப்பிடித்தல் ஆரம்பித்தது. சுவரை ஒட்டிய கஞ்சி தீய்ந்து, பழுப்புச் செதிலாக உதிர்ந்து வெள்ளை நூலில் ஒட்டியது. துடுப்பின் விளிம்பில் நைலான் பட்டை பொருத்தி, அது சுவரை வழித்துக்கொண்டே சுற்றும்படி செய்தார். முதலில் சின்னப் பாத்திரத்தில், வீட்டில் கிடந்த பழைய வெட் கிரைண்டர் மோட்டாரை வைத்துச் சோதனை. அது சரியாக வந்த பிறகே பெரிய தொட்டிக்கு மோட்டாரும் கியர் பெட்டியும் வாங்கியிருக்கிறார். நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டாரில் ஓடுவது, துடுப்புக்கு வரும்போது 40 சுற்றாகிறது. “வேகமா அடிச்சா மாவு செத்துப்போகும்” என்றார். உண்மைதான். மரவள்ளி மாவுக் கஞ்சி சூடேறும்போது சட்டென்று தடிக்கும். தடித்த பிறகு அடித்துக் கலக்கினால் ஊதிய மணிகள் உடைந்து நீர்த்துவிடும். நீர்த்த கஞ்சி இழைக்குள் இறங்கிவிடும், மேலே போர்வையாக நிற்காது.

இதே காரணத்துக்காகத்தான் கொப்பரை மேடையில் இருக்கிறது. முன்பு அது தரையில் இருந்தது. கஞ்சியை எந்திரத் தொட்டிக்கு ஏற்ற வேகமாகச் சுற்றும் பம்ப் ஒன்று இருந்தது. காய்ச்சும்போது சரியாக இருக்கும் பதம் தொட்டிக்குப் போனதும் இளகியது. எங்கே கெடுகிறது என்று கண்டுபிடிக்கவே நாளாகியிருக்கிறது. பம்பைக் கழற்றிவிட்டுக் கொப்பரையை உயரத்தில் ஏற்றினார்கள். இப்போது கஞ்சி தன் பாரத்தில் தானே இறங்குகிறது. தொட்டியில் மட்டம் குறைந்தால் மிதவை வால்வு திறக்கிறது, அவ்வளவுதான்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி கடைசியாக வந்தது. உணர்கம்பியை முதலில் சுவருக்குப் பக்கத்தில் செருகியிருந்தார்கள். சுவர் 95-ஐத் தொட்டதும் பெட்டி நீராவியை நிறுத்திவிடும். நடுவில் இருக்கும் மாவு அரை வேக்காட்டிலேயே நிற்கும். நீளமான குழாய்க்குள் கம்பியைப் போட்டு, துடுப்பின் வழியில் குறுக்கிடாமல் தொட்டியின் உட்பகுதிக்குக் கொண்டுபோன பிறகு அது சரியானது. வெளியே கண்ணாடிப் பஞ்சு சுற்றி அலுமினியத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். விறகு மிச்சமாகிறது என்பது முதலாளிக்குச் சந்தோஷம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அனல் குறைந்தது என்பதே எனக்கு முக்கியம்.

இவ்வளவு இருந்தும், கஞ்சி வெந்ததா என்று சொல்கிறவர் அதைக் காய்ச்சுகிற மனிதர்தான். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து ஊற்றுவதிலிருந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் போல் வெளுத்துக் கிடந்தது சூடேற ஏறத் துடுப்பைப் பிடித்து இழுத்தது. மோட்டாரின் சத்தமே கனத்தது. பிறகு மெல்ல வெண்மை போய், அடியில் சுற்றும் துடுப்பு மங்கலாகத் தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தார். திவலையாக விழுந்தது, பிறகு நூலாக இறங்கியது. இரண்டு விரலுக்கிடையே தொட்டு விரித்தார். பெட்டி 95 காட்டி வெகுநேரமாகியிருந்தது. “இன்னும் சித்தெ போகட்டுங்க” என்றார். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் மரவள்ளி மாவு மூட்டைக்கு மூட்டை மாறும்; ஈரம் மாறும்; கிழங்கின் முதிர்ச்சி மாறும். அந்த மாற்றம் எதுவும் வெப்பமானிக்குத் தெரியாது. வெப்பமானி வந்ததால் அவருடைய வேலை குறைந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். முன்பு அவர் கவனத்தில் பாதியைச் சூடு தின்றுகொண்டிருந்தது. இப்போது முழுக் கவனமும் பதத்தில் இருக்கிறது.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் ஏறத்தாழ இதே கருவியைத்தான் கட்டுகிறார்கள் என்பதை பிட்டரண்ணாவிடம் சொன்னேன். எஃகுத் தொட்டி, வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பம்புக்குப் பதில் மேடை, வெளியே போர்வை; ஒவ்வொரு தடவையும் ஒரு குறை தெரிந்து, அடுத்த தடவைக்குள் ஒரு மாற்றம். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்த வேலையில் இறங்க முடியாது. ஆனால் வேதியியல் இரண்டுக்கும் ஒன்று. அவர்கள் முளைகட்டிய பார்லியை 65 டிகிரியை ஒட்டி ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். முளையில் இருக்கும் நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. மாவு உடைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் விடுவார்கள். நீலம் வந்தால் மாவு இன்னும் மிச்சம். சைசிங்காரருக்கும் அதே அயோடின் வேண்டும்; அவர் எதிர்பார்ப்பது நீலம். மில்லில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. காய்ந்த நூலின் மேல் சொட்டு வைத்தார்கள். கருநீலம் சீராகப் பரவியது. பரவாத இடத்தில் கஞ்சி ஏறவில்லை என்று அர்த்தம்.

பிட்டரண்ணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அவங்க சென்சார எந்த எடத்துல வெப்பாங்க?”

கஞ்சித் தொழில் இந்த வடிவத்துக்கு வர நெடுங்காலம் ஆகியிருக்கிறது. சேலம் போன்ற நெசவு ஊர்களில் இன்றும் பாவடி என்ற பெயரில் தெருக்களும் திடல்களும் இருக்கின்றன. அங்கே பாவை நீளமாக விரித்துக் கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் தூரிகையால் நீவி நீவி உலர்த்துவார்கள்; வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரும் அதில் இறங்குவார்கள். இங்கிலாந்தில் 1785-ல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றும் அது பெரிதாக ஓடாததற்கு ஒரு காரணம், கஞ்சி போடுவதற்காகத் தறியை அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்ததுதான். ஸ்டாக்போர்ட்டில் வில்லியம் ராட்கிளிஃபிடம் வேலை பார்த்த தாமஸ் ஜான்சன் என்ற நெசவாளர் 1803-ஐ ஒட்டிக் கஞ்சி போடும் எந்திரத்தைச் செய்த பிறகுதான் அந்தத் தடை விலகியது. லங்காஷயர்க்காரர்கள் கோதுமை மாவை நீரில் ஊறவைத்து வாரக்கணக்கில் புளிக்கவிட்டுப் பயன்படுத்தினார்கள். பிற்பாடு வெண்களிமண்ணைக் கஞ்சியில் கலந்து துணிக்கு எடை ஏற்றி நம் நாட்டுக்கு அனுப்பியதும் அவர்கள்தான்.

புளிப்பது இங்கேயும் உண்டு. ஷிப்ட் முடிவில் மிஞ்சும் கஞ்சியை மறுநாளுக்கு வைத்தால் நுரை கட்டும், வாடை வரும், பதம் இறங்கும். வடிகாலில் விட்டாலும் நல்லதல்ல. மாவு கலந்த நீரில் கிருமிகள் பெருகி அந்த நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். நொய்யல் ஆற்றை நம்பியிருக்கும் ஊர்களில் இதைச் சின்ன விஷயமாகப் பேச முடியாது; 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை யாரும் மறக்கவில்லை. மிஞ்சாத அளவுக்குக் கணக்காகக் காய்ச்சுவதே இந்த மில்லில் கண்ட வழி. சிறிய கொப்பரை ஒன்று கூடுதலாக இருந்தால், பாவு முடியும் நேரத்துக்கு ஐம்பது லிட்டர் மட்டும் காய்ச்சிச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் பிட்டரண்ணா.

இத்தனை பாடுபட்டு ஏற்றிய கஞ்சி துணியில் தங்குவதில்லை. காடாத் துணி பிளீச்சிங்குக்குப் போனதும் முதல் வேலை கஞ்சியை எடுப்பது. அந்தக் காலத்தில் அதற்குப் பார்லி முளையின் நொதியைப் பயன்படுத்தினார்கள். 1833-ல் பாயெனும் பெர்சோவும் பாரிசில் பிரித்தெடுத்த டயாஸ்டேஸ் அதுதான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் பாக்டீரியாவிலிருந்து அதே வகை நொதியை எடுத்து ஜவுளிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பிளீச்சிங் பட்டறையில் ஊற்றுவது அதன் வாரிசு. அங்கும் அயோடின் புட்டி உண்டு; நீலம் மறைந்தால்தான் துணி அடுத்த தொட்டிக்குப் போகும். சட்டையை உடுத்துகிறவர் நெசவைப் பார்க்கிறார், சாயத்தைப் பார்க்கிறார், தையலைப் பார்க்கிறார். கஞ்சி காய்ச்சியவரின் வேலையில் ஒரு துளிகூட அவர் கைக்கு வந்து சேர்வதில்லை. அது நன்றாக நடந்தது என்பதற்கான சாட்சி தறிக்குடோனில் இருக்கிறது: அறுந்த இழையை முடிச்சுப் போட ஒருவர் எத்தனை முறை எழுந்து ஓடினார் என்பதில்.

அந்தச் சாட்சியைப் பார்க்கப் பக்கத்து தறிக்குடோன் ஒன்றுக்கும் போனேன். இந்தக் கொப்பரைக் கஞ்சி ஏறிய பாவு நான்கு தறிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றை ஓட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், ஒரு தறிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினார். “பருத்தி ஓட்டம் நல்லாத்தானுங்க இருக்குது. பாலியஸ்டர் கலந்த பாவுலதான் கஞ்சி நிக்க மாட்டேங்குது. பிட்டரண்ணாகிட்டச் சொல்லியிருக்கேன்.”

அவர் சொன்னது மில்லில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. பாலியஸ்டரில் வெறும் மாவு ஒட்டாது, பி.வி.ஏ. என்ற செயற்கைப் பசையைச் சேர்க்க வேண்டும். அது விலை கூடியது. நொதிக்கும் மசியாது, வெந்நீரில் அலசித்தான் போக்க வேண்டும், கழிவுநீரில் எளிதில் மக்கவும் மக்காது. மாவு எவ்வளவு, பசை எவ்வளவு, எத்தனை டிகிரியில் இரண்டும் பிரியாமல் கலக்கும் என்பதைப் பார்க்கத்தான் அந்த ஐம்பது லிட்டர் கொப்பரை முதலில் வேண்டியிருக்கிறது. தொட்டி வந்துவிட்டது. கொட்டகையில், விறகுக்குப் பக்கத்தில், துடுப்புக்கான தண்டு லேத்திலிருந்து வரக் காத்திருக்கிறது.