வானத்திலிருந்து தெரியாத கிணறு



"புவியியல் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று உங்கள் பிள்ளையிடம் நீங்களும் ஒருநாள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாடத்தையும் செய்மதிப் பட ஆய்வையும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தே தலை நரைத்தவன் நான். பதிலைப் பளையிலிருந்து சொல்கிறேன்.

ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போகும்போது இருபுறமும் தென்னை வருமே, அந்தப் பளைதான். 2014இல் புகையிரதம் யாழ்ப்பாணத்தை எட்டுமுன் சில மாதங்கள் இங்கேதான் நின்று திரும்பியது. அருகே முகமாலையில் 2000ஆம் ஆண்டிலிருந்து போர்முனை நிலைகொண்டிருந்தது. மண்ணெல்லாம் மிதிவெடி. 2009இல் போர் முடிந்த பின்னும் அவை அங்கேயே கிடந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு அங்கே போயிருந்தபோது ஒரு மூதாட்டி காணி உறுதியும் கையுமாக வந்தார். எங்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து, "தம்பி, எங்கட கிணறு இதுக்குள்ள தெரியுதோ?" என்றார்.

எப்படித் தெரியும்? லாண்ட்சாட் செய்மதி 705 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் கணக்கில் மூன்றரைப் பரப்புக் காணிக்கு ஒரே நிறம்! தோப்பு எந்த ஆண்டு பட்டது, பற்றை எப்போது மூடியது என்று அது காட்டும். மிதிவெடியைக் காட்டாது. அதற்கு மண்ணில் மண்டியிட்டு, உலோகங்காணும் கருவியோடு அங்குலம் அங்குலமாகத் தேடத்தான் வேண்டும். அப்படித் தேடுகிறவர்களிற் பலர் பெண்கள். பரீட்சையில் வராவிட்டாலும் இதை நான் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

கிணற்றில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இங்கே ஆறு கிடையாது. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். (பம்பு வைத்து இறைப்போர் கவனிக்க!) நல்ல தண்ணீர் இருந்த இடம் அவ்வளவு பெறுமதி.

உறுதியோடு இருந்த நிலஅளவைப் படத்தை, வீதி வளைவையும் ஒரு மதகையும் அடையாளம் வைத்து, கணினியில் பொருத்தினோம். பிறகு வீதியில் நின்றபடியே மாணவி ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். சிவப்புக் கட்டைகளுக்கு அப்பால், நூறு யார் தூரத்தில், பற்றைக்குள்.

"அதேதான் பிள்ளை. பக்கத்தில ஒரு பூவரசு நிண்டது."

அச்சிட்ட படத்தை மடித்து உறுதிக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுக்கு வெடி அகற்றுவோர் வரும் முறை அப்போது வந்திருக்கவில்லை. கிணற்றின் ஜீ.பி.எஸ். எண்களை அவர்களிடமும் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.