ஹோஸைப் பிடித்த கை

சாக்கடை மூடியைத் தூக்கி வைத்ததும் தெருவில் நாலு பேர் கூடிவிடுவார்கள். பம்ப் ஓடத் தொடங்கியதும் அவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: “பிரஷரை ஏத்துப்பா, அடிச்சுத் தூக்கிடும்.” சென்னையில் தண்ணீரைப் பீய்ச்சிச் சாக்கடை அடைப்பெடுக்கிற ஜெட்டிங் வண்டியில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய வசனம் இது. வேலை நேரத்தில் பதில் சொல்வதில்லை. எழுத உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிடலாம்: பிரஷர் பாதி வேலையைத்தான் செய்யும்.

எங்கள் வண்டியின் பம்ப் 150 பார் வரை தரும். கார் டயருக்குள் இருப்பது ஏறக்குறைய 2 பார். அந்த அழுத்தம் கெட்டியை உடைக்கும், துளைக்கும், குழாய்ச் சுவரில் அப்பியதைப் பெயர்க்கும். பெயர்ந்ததை வெளியே கொண்டுவருவதற்குத் தண்ணீரின் அளவு வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் பைக் கழுவுகிற சின்ன மெஷினும் பிரஷரில் ஒன்றும் மோசமில்லை. ஆனால் தள்ளுகிற தண்ணீர் கொஞ்சம். அதைத் தெருக் குழாயில் விட்டால் மணலைக் கிளறும், கிளறிய மணல் நாலடி தள்ளிப் போய் மறுபடி படுத்துக்கொள்ளும். பெரிய வண்டி நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளுகிறது. 3000 லிட்டர் தொட்டி கால் மணி நேரத்தில் காலி. கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற தெருவில், காலித் தொட்டியோடு நிற்க யாருக்கும் தைரியம் வராது. வால்வைத் திறப்பதற்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும்.

யோசிக்க வேண்டியதில் முதலாவது, எந்த மூடியில் ஆரம்பிப்பது.

கூப்பிட்டவர் காட்டுவது எப்போதும் பொங்கி வழிகிற மூடியைத்தான். நாற்றமும் கோபமும் அங்கேதான் இருக்கும். ஆனால் சாக்கடைக் குழாய் சரிவில் ஓடுவது. அடைத்த இடத்துக்கு மேல்பக்கம் தேங்கும், கீழ்ப்பக்கம் வற்றும். ஆகவே வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஓட்டம் போகிற திசையில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒன்று நிரம்பி நிற்கும், அடுத்ததும் நிரம்பி நிற்கும், அதற்கடுத்தது வற்றிக் கிடக்கும். கடைசி நிறைகுழிக்கும் முதல் வறண்ட குழிக்கும் நடுவில் இருக்கிறது அடைப்பு. சிறிய குழாய் ஓடுகிற தெருக்களில் இரண்டு மேன்ஹோலுக்கு இடையே 30 மீட்டர்போல இருக்கும். அவ்வளவு தூரத்துக்குள் தேடினால் போதும். ஹோஸை விடுவது அந்த வறண்ட குழியிலிருந்து, ஓட்டத்துக்கு எதிராக மேலே ஏறும்படி.

பொங்குகிற குழியிலிருந்தே கீழ்நோக்கி அடித்தாலும் அடைப்பு உடையும். தண்ணீர் மளமளவென்று வடியும். கூப்பிட்டவர் மனம் குளிர்ந்து டீ வாங்கித் தருவார். உடைந்த கட்டியோ தெருமுனை வளைவில் போய் உட்காரும். அடுத்த வாரம் அங்கிருந்து யாராவது போன் செய்வார்கள். ஒரே கட்டிக்கு இரண்டு பில் போடுகிற ஆட்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், மறைப்பானேன். கீழிருந்து ஏறினால் வாரியது அத்தனையும் நம் காலடிக் குழிக்கே வரும். அதன் வெளிவாயில் ஒரு கம்பித் தடுப்பைச் சாத்தி வைத்தால் கட்டி அங்கேயே நின்றுவிடும். உறிஞ்சு குழாய் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நாசில் என்பது உள்ளங்கையில் அடங்குகிற எஃகுத் துண்டு. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது தலைகீழாகத் தெரியும், ஏனென்றால் துளைகள் பின்பக்கம் இருக்கும். தண்ணீர் பின்னால் பீறிடும் விசையில் நாசில் முன்னால் பாய்ந்து, ஹோஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. துளைகள் ஹோஸோடு ஒட்டினாற்போல் சாய்ந்திருந்தால் இழுவை அதிகம். நீண்ட லைனுக்கு அது. அகன்று விரிந்திருந்தால் இழுவை குறையும், சுவர் நன்றாகக் கழுவப்படும்; எண்ணெய்ப் படிவுக்கு அது. முன்னாலும் ஒரு துளை உள்ள நாசில் முழு அடைப்பைக் குத்தித் திறக்கும். அகலமான குழாயில் சின்ன நாசிலை வெறுமனே விடக்கூடாது. உள்ளே திரும்பிக்கொண்டு, போன வழியே நம்மை நோக்கி வந்துவிடும். அதற்காகத்தான் நாசிலுக்குப் பின்னால் குழாயின் குறுக்களவைவிட நீளமான விறைப்புக் கம்பிக்குழாய் ஒன்றைப் பூட்டுகிறோம். ஹோஸின் கடைசி சில அடிகளில் கலர் டேப் சுற்றி வைப்பதும் இதற்கே: டேப் கண்ணில் பட்டால் பம்பை நிறுத்து, நாசில் வாசலுக்கு வந்துவிட்டது.

போகும்போது துளைக்கிறது, வரும்போதுதான் கழுவுகிறது. சொன்னால் பலர் நம்புவதில்லை. “உடைஞ்சிடுச்சுல்ல, சுருட்டுங்க” என்பார்கள். உடைந்தது ஒரு சின்னத் துவாரம். சுற்றிலும் படிவு அப்படியே இருக்கும். சுருட்டிக்கொண்டு போனால் பதினைந்து நாளில் மூடிக்கொள்ளும். சில மீட்டர் ஏற்றி, நிதானமாக இழுத்து, வந்ததை எடுத்து, மறுபடி கொஞ்சம் கூடுதலாக ஏற்றி, மறுபடி இழுத்து என்று வார வேண்டும். அவசரமாக இழுத்தால் மணலில் ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டுப்படும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். இடது கை ஹோஸ்மேல் கிடக்கும், வலது கை வால்வில். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. தூண்டில்காரனுக்கு நரம்பு சொல்வதுபோல ஹோஸ் சொல்லும். சுத்தமான குழாயில் ஒரே சீராக அதிர்ந்துகொண்டு வழுக்கும். மணலில் நறநறவென்று இழுக்கும். எண்ணெய்க் கட்டியில் அதிர்வே செத்துப்போய், சேற்றில் கால் வைத்தமாதிரி மந்தமாகும். வேரில் பட்டால் முன்னால் போய்ப் போய் எகிறித் திரும்பும். பழைய ஸ்டோன்வேர் குழாய் இணைப்பு விலகியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ‘டொக்’கென்று ஒரு தட்டு, இழுக்கும்போதும் அதே தூரத்தில் அதே தட்டு. கேமரா விட்டுப் பார்க்கிற வசதி இப்போது வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் நிரம்பி நிற்கிற கறுப்புத் தண்ணீரில் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் கை.

திரும்பி வருகிற தண்ணீரையும் பார்க்க வேண்டும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு ஓரளவு தெளிவு. கழுவக் கழுவ மணல் தீராமல் வந்துகொண்டே இருந்தால் அது சாக்கடை மணல் இல்லை. குழாய் எங்கோ உடைந்து, சுற்றியிருக்கிற மண் உள்ளே சரிகிறது. அப்போது அடித்துக்கொண்டே இருப்பது ரோட்டுக்கு அடியில் பொந்து தோண்டுவதற்குச் சமம். நிறுத்திவிட வேண்டும். திடீரென்று சாலை உள்வாங்கிப் பஸ் சக்கரம் இறங்கியது என்று பேப்பரில் வருகிறதே, அந்தப் பள்ளங்களில் பல இப்படி ஒழுகுகிற பழைய சாக்கடைக் குழாயால் வருபவைதான்.

எதனால் அடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் தெருவுக்குத் தெரு மாறும். வீடு கட்டுகிற தெருவில் சிமெண்ட் பால். மழைத்தண்ணீரைத் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் திருப்பிவிட்ட தெருவில் மணல். பள்ளிக்கூடம், ஹாஸ்டல் பக்கம் நாப்கின். ஓட்டல் வரிசையில் எண்ணெய். இதில் எண்ணெயைத்தான் ஜனங்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். சூடாக ஊற்றும்போது தண்ணீர்போல ஓடுகிறது, போய்விட்டது என்று நினைக்கிறார்கள். குளிர்ந்ததும் சுவரில் ஒட்டி, அங்கே இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பாக இறுகுகிறது. 2017இல் லண்டன் ஒயிட்சேப்பல் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்குப் பாறையாகிக் கிடந்தன. எடை 130 டன். அதில் ஒரு துண்டை அந்த ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து டிக்கெட் வாங்காமலே காட்டினார்கள். நம் ஓட்டல் வரிசைகளில் நான் வாரியதை யாரும் கேட்கவில்லை.

சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இறுகிய சிமெண்டைத் தண்ணீரால் எடுக்க முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவரிடம் ஏமாற வேண்டாம். அதே அடியில் சிமெண்டுக்கு முன்னால் குழாய்தான் உடையும்.

பம்பை முடுக்குவதற்கு முன் பக்கத்து வீடுகளுக்குச் சொல்வதும் வேலையின் ஒரு பகுதி. லைனில் நாசில் பாயும்போது காற்றும் சேர்ந்து தள்ளப்படும்; அது வீட்டு இணைப்புக்குள் ஏறி, கழிவறைக் கோப்பை வழியாக வெளியே கக்கும். காற்றுக்குழாய் அடைபட்ட வீடாக இருந்தால் நிச்சயம். “அம்மா, அரை மணி நேரம் பாத்ரூம் போகாதீங்க, மூடியைப் போட்டுக் கதவைச் சாத்துங்க” என்று கீழ்த்தளத்தில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வருவேன். “சரிப்பா” என்று சொல்லிவிட்டு உடனே உள்ளே போகிறவர்களும் உண்டு. அப்புறம் வருகிற வசவை நாங்கள்தான் வாங்க வேண்டும்.

எங்களோடு சேர்கிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது நாசிலைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. அந்த நீர்க்கோடு தோலில் பட்டால் ஊசி குத்தியமாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தோன்றும். ஆனால் சாக்கடைத் தண்ணீர் அந்தப் புள்ளி வழியாகத் தசைக்குள் போயிருக்கும். உடனே ஆஸ்பத்திரி, உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் விரல் போகும். கையுறை அதைத் தடுக்காது. ஆகவே நாசில் குழாய்க்குள் போன பிறகுதான் பம்ப். இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. வண்டிப் பக்கம் இருப்பவரும் குழிப் பக்கம் இருப்பவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை நடக்கிற நேரத்தில் செல்போன் பேசுகிறவனை நான் வண்டியில் வைத்துக்கொள்வதில்லை. பீடிக்கும் தடை, குழியில் மீத்தேன் இருக்கும்.

இன்னொரு வாயு இருக்கிறது, ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். அளவு கூடினால் அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும், மூக்கு மரத்துவிடும். காற்றைவிடக் கனமானதால் குழியின் அடியில் படிந்து நிற்கும். சேற்றைக் கலக்கினால் அதில் சிக்கியிருந்ததும் கிளம்பும். அதாவது ஜெட் அடித்து முடித்த குழி, திறந்தபோது இருந்ததைவிட அப்போது மோசம். இதைத் தெரியாதவர்கள்தான் “இப்பதான் தண்ணி வடிஞ்சிடுச்சே, ஒரு நிமிஷம் இறங்கி அந்தக் கட்டியை மட்டும் எடுத்துடுங்க” என்பார்கள்.

மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தி, முடியாதபோது இடுப்பில் கயிறு கட்டி இறங்கிய தலைமுறை எங்கள் தெருக்களில் இன்னும் இருக்கிறது. யாரை இறக்கினார்கள், எந்தச் சாதியை இறக்கினார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆளை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது, இறங்கச் சொல்கிற வாயும் ஓயவில்லை. வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே சொல்கிறார்கள். மெஷின் வந்ததும் ஆளை இறக்குவது தானாக நின்றுவிடும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை. மெஷினால் முடியாத ஐந்தாறு இடங்கள் எப்போதும் இருக்கும். அந்த இடங்களில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு பெரிய குடியிருப்பில் அப்படித்தான் ஆயிற்று. ஹோஸ் பதினெட்டு மீட்டர் தாண்டவில்லை. நாசிலை மாற்றினோம், மேல்பக்கத்திலிருந்தும் விட்டுப் பார்த்தோம், அங்கிருந்து பன்னிரண்டில் நின்றது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே இடம். ஓட்டுச் சில்லும் களிமண்ணும் வந்தன. குழாய் உள்வாங்கிவிட்டது, தோண்டித்தான் ஆக வேண்டும் என்றேன். சங்கச் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. “ரோடு வெட்ட பர்மிஷன் வாங்கணும், நாலஞ்சு நாள் ஆகும். ஆள் ஒருத்தர் இறங்கிக் குத்தினா முடிஞ்சுடும்னு இன்னொரு காண்ட்ராக்டர் சொல்றாரு.” கூட இருந்த பையன் என்னைப் பார்த்தான். “இறங்கினாலும் உடைஞ்ச குழாய் ஒட்டிக்காது சார். இறங்கறது தப்பு, இறக்கறது ஜெயிலு” என்றேன். சாக்பீஸால் ரோட்டில் பதினெட்டு மீட்டர் அளந்து ஒரு வட்டம் போட்டோம்.

ஐந்தாம் நாள் வெட்டினார்கள். வட்டத்துக்கு அரையடி தள்ளி, பழைய ஸ்டோன்வேர் குழாய் இரண்டு துண்டாகிக் கிடந்தது. மேலே புதிதாகக் கேபிள் பதித்தவர்களின் கடப்பாரை பட்டிருந்தது. அதுவரைக்கும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மேல்குழியில் லாரியை நிறுத்தி உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாடிக்காரர்கள்வரை யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வரவில்லை.