கைக்கு ஏற்ற சுட்டி

அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டெழுத்துகள் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். ஆயினும், கணினிச் சுட்டியைப் பற்றி எனக்குப் பாடம் புகட்டியவன் எட்டாம் வகுப்பில் பயிலும் என் இளைய மகனே ஆவான்.

கணினி விளையாட்டு காலத்தை வீணாக்குவது என்பதே என் முடிவு. எனினும் இஷாத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் அனுமதித்திருந்தேன். ஒருநாள் அவன், "அத்தா, மணிக்கட்டு வலிக்கிறது, சின்ன மவுஸ் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்றான். "விளையாட்டைக் குறை, வலி தானே நீங்கும்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

சில நாட்களுக்குப் பின், வீட்டுப்பாடம் எழுதுகையில் அவன் பேனாவைக் கீழே வைத்துக் கையை உதறுவதைக் கண்டேன். நெஞ்சு உறுத்தியது.

எங்கள் வீட்டுச் சுட்டி நான் என் பணிக்காக வாங்கியது. கனமான பொருளே உறுதியானது என்பது என் பழைய எண்ணம். சமையலறைத் தராசில் நிறுத்தபோது அது 120 கிராமைத் தாண்டியது. அளவுகோல் கொண்டு அளந்தேன்: என் கை 19 செ.மீ.; அவன் கை 16 செ.மீ. உள்ளங்கை படியாத அப்பெரிய சுட்டியை விரல் நுனிகளாலேயே அவன் தள்ளி வந்திருக்கிறான்.

பின்னர் இருவரும் சேர்ந்து தேடினோம். மின்கலம் இல்லாமையால் வடமுள்ள சுட்டி குறைந்த விலையிலும் எடை குறைந்ததாகக் கிடைக்கிறது. விளையாட்டுக்கான வடமுள்ள சுட்டிகள் பல நொடிக்கு 1000 முறை தம் அசைவைக் கணினிக்கு அறிவிக்கின்றன. விளம்பரங்கள் முழங்கும் பல்லாயிரம் டிபிஐ தேவையில்லை. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் 400, 800 என்ற அளவிலேயே ஆடுகின்றனர். 2019-இல் வெளிவந்த கூலர் மாஸ்டர் எம்எம்710, தேன்கூடு போன்ற துளைகளுடன் 53 கிராம். 2020-இல் வெளிவந்த ரேசர் வைப்பர் மினி, துளையற்ற ஓட்டுடன் 61 கிராம். எங்கள் தெருப் புழுதியை எண்ணி இரண்டாவதையே தேர்ந்தோம். வடம் மேசை விளிம்பில் உரசி இழுக்காதவாறு சற்றுத் தளர்த்தி வைத்தோம்.

வலி நீங்கியது. சுட்டி ஒன்றே காரணம் என்று கூறமாட்டேன். இடையிடையே கைக்கு ஓய்வளிக்கவும் அவன் பழகிக்கொண்டான். அரைமணி நேரக் கட்டுப்பாடும் அப்படியே நீடிக்கிறது.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆனால் என் பிள்ளை வலி என்று வந்தபோது கையைப் பார்க்கவில்லை, அறிவுரை கூறினேன். "பாடம் புரியவில்லை ஐயா" என்று வந்து நின்ற மாணவர்களுக்கும் இவ்வாறே எத்தனை முறை விடை தந்திருப்பேனோ! இப்பொழுதெல்லாம், அறிவுரைக்கு முன் அவர்தம் ஏட்டை வாங்கிப் பார்க்கிறேன்.