வட்டி வரிசை

ஜூலை 6, ஞாயிறு

பாப்பா தூங்கிய பிறகு நோட்டை விரித்து, இருக்கிற கடன் அத்தனையையும் எழுதினோம். கோவை கணபதியில் என் கணவர் நடத்தும் லேத் பட்டறைக்கு ஒரு வருடமாக ஜாப் ஆர்டர் பாதிதான் வருகிறது. அதே வருடத்தில் அத்தைக்கு பைபாஸ் ஆபரேஷன். கடன் வந்த வழி இருவருக்கும் தெரியும். முழுத் தொகையை ஒரே தாளில் பார்ப்பது இன்றுதான்.

பர்சனல் லோன் பாக்கி 5,20,000. இரண்டு கிரெடிட் கார்டிலும் சேர்த்து 3,40,000. தனியார் நிதி நிறுவனத்தில் நகை அடகு 2,80,000. தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு 2,00,000. பட்டறை ஆட்களுக்குச் சம்பளம் போட, பத்து வட்டிக்கு வாங்கியது 50,000. சித்தப்பா தந்த கைமாற்று 1,50,000. கூட்டினால் 15,40,000.

வரவு அடுத்த பக்கத்தில். பட்டறையில் செலவு போக 45,000, என் பள்ளிச் சம்பளம் 24,000. வீட்டுச் செலவுக்கு 30,000 எடுத்தால் 39,000 மிஞ்சும். ஆனால் தவணை, வட்டி என்று கட்ட வேண்டியது 48,500. மாதம் 9,500 துண்டு விழுகிறது. அதையும் கார்டில்தான் தேய்க்கிறோம்.

ஜூலை 8, செவ்வாய்

காலை ஏழரைக்கே பர்சனல் லோன் வசூல் ஆள் போன். ஒரு தவணை தவறியதற்கு அத்தை காதிலும் விழுகிற மாதிரி கத்தினான். காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்பது 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. அழைப்பு வந்த நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். வங்கிக்குப் புகார் எழுதி 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

"யாருக்கு மொதல்ல குடுக்கிறதுங்க?" என்று கேட்டேன். "சித்தப்பாவுக்குத்தான். அடுத்த மாசம் அவுங்க வீட்டு விசேஷத்துல எந்த மூஞ்சியோட போயி நிக்கிறது?" என்றார். அதற்கடுத்து இந்த லோன்காரன், சத்தம் நிற்கட்டும் என்று. பத்து வட்டிக்காரர் இவர் பட்டியலில் கடைசி. அந்த வட்டிக்காரர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருவார், டீ குடிப்பார், பாப்பா என்ன படிக்கிறது என்று விசாரிப்பார், 5,000 வாங்கிக்கொண்டு போவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

நான் நோட்டை எடுத்து வருட வட்டியை வைத்து வரிசை போட்டேன். பத்து வட்டி என்றால் 120 சதவீதம். கார்டு மாதம் மூன்றரை, வருடம் 42. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் கிட்டத்தட்ட 50. ஊரே திட்டுகிற மூணு வட்டி 36தான், கார்டை விடக் குறைவு. நகை 22. கத்துகிற லோன்காரனுடையது 16. சித்தப்பா பணத்துக்குச் சுத்தமாக வட்டியில்லை.

வெட்கத்துக்கும் சத்தத்துக்கும் பயந்து அடைத்தால், குறைந்த வட்டிக் கடனெல்லாம் முதலில் தீரும். குடும்பத்தை அரிக்கிற கடன் அப்படியே இருக்கும். வட்டி மட்டுமே மாதம் 37,000 போகிறது. இனி இந்த வரிசைதான் என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஜூலை 12, சனி

லோன் ஏஜென்ட் ஒருவர் பட்டறைக்கே வந்துவிட்டார். "எல்லாக் கடனையும் அடைச்சு ஒரே இ.எம்.ஐ. ஆக்கிரலாம் சார்." 15 லட்சம், 24 சதவீதம், ஐந்து வருடம். மாதம் சுமார் 43,150. இன்று கட்டுவதை விட 5,000 குறைவு என்பதால் கேட்டவுடன் ஆசை வரும். அறுபது மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்: ஏறக்குறைய 25,90,000. 16 சதவீதக் கடனை அடைக்க 24 சதவீதத்துக்கு வாங்கச் சொல்கிறார். வட்டியில்லாத சித்தப்பா பணத்துக்குக்கூட வட்டி கட்ட வேண்டி வரும். நம் கையில் 39,000தான் இருக்கிறது என்பதும் அப்படியே நிற்கிறது.

புதுக்கடனே கூடாது என்று சொல்லவில்லை. அடைக்கப் போகிற ஒவ்வொரு கடனையும் விட வட்டி குறைவாக இருந்து, அடைத்த கையோடு கார்டையும் மூடுவதாக இருந்தால் வாங்கலாம். தவணை தவறி சிபில் மதிப்பெண் இறங்கிய நேரத்தில் எந்த வங்கியும் அப்படித் தராது.

கார்டு கம்பெனியிடம் பேசி, பாக்கியில் ஒரு பகுதியை மொத்தமாகக் கட்டி முடிக்கிற 'செட்டில்மென்ட்' பற்றியும் யோசித்தோம். தொகை குறையும், ஆனால் சிபிலில் 'குளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்று பதியும். பல வருடம் அந்தப் பதிவு இருக்கும். நாளைக்குப் புது மெஷினுக்குக் கடன் கேட்கிற பட்டறைக்கு அது நல்லதில்லை. விற்க எதுவுமே இல்லாதவர்களுக்கு அது சரியான வழிதான். எங்களிடம் ஒரு சைட் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாமா என்று இவரே கேட்டுவிட்டார். பேச்சோடு விட்டுவிடாமல் வக்கீலிடம் போனோம். அவர் நிதானமாக விளக்கினார். 2016 திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குக் கோவையில் இன்றும் 1920ஆம் வருட மாகாணத் திவால் சட்டம்தான். மனு ஏற்கப்பட்டால் சொத்து கோர்ட்டின் ரிசீவர் கைக்குப் போகும். கைத்தொழில் கருவிகளையும் வருங்கால வைப்பு நிதியையும் ஜப்தி செய்ய முடியாது. ஆனால் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட இவருடைய நண்பரை வங்கி விடாது. அதைக் கேட்டதும் இவர் "வேண்டாமுங்க" என்றார். எல்லாக் கதவும் மூடியவருக்குச் சட்டம் தந்த வழி அது, அதில் அவமானம் எதுவும் இல்லை. நாங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

பத்து வட்டிக்காரரிடம் தொகை எழுதாத செக்கும் புரோநோட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பதைச் சொன்னோம். வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பணம் கட்டுகிற அன்றே இரண்டையும் திரும்ப வாங்கி, "கடன் தீர்ந்தது" என்று ரசீதும் எழுதி வாங்கச் சொன்னார். அந்த செக்கை வட்டிக்காரர் வங்கியில் போட்டு, அது பணமில்லாமல் திரும்பினால், செக் மோசடி வழக்கில் இரண்டு வருடம் வரை தண்டனை வரலாம். அவர் தர மறுத்தால் 2003ஆம் வருட அதீத வட்டித் தடைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதற்குள் வரும்; மூன்று வருடம் வரை சிறை. வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாதவர்கள் 15100க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

அன்னூர் பக்கம் 2014இல் வாங்கிய சைட்டை விற்பது என்று முடிவு. பாப்பா கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. "இடம் ஏறுமே" என்று அத்தை வருந்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொன்னேன். எந்த மனையும் வருடத்துக்கு 50 சதவீதம் ஏறாது. கார்டு கடன் ஏறுகிறது. இடத்தை வைத்துக்கொண்டு கடனைக் கட்டினால் நாம் ஒவ்வொரு மாதமும் தோற்கிறோம். அத்தை வெகு நேரம் நோட்டையே பார்த்துவிட்டு, "வித்துப்போடு கண்ணு" என்றார்கள்.

மாலையில் சித்தப்பா வீட்டுக்குப் போய் இவர் நேராகப் பேசினார். "சித்தப்பா, உங்க பணத்துக்கு வட்டி இல்லீங்க. வட்டி ஓடுறதை முன்னாடி அடைச்சுக்கறேன். தை மாசத்துல இருந்து மாசம் அஞ்சாயிரம் தர்றேனுங்க." அவர் சொன்னார்: "இதை நீ முன்னாடியே சொல்லியிருந்தா உங்க சித்தி உன்னைய நெனச்சுத் தூங்காம இருந்திருக்க மாட்டா சாமி."

ஜூலை 27, ஞாயிறு

8,50,000க்குப் பார்ட்டி ஒத்துக்கொண்டது. ஆனால் ஆடி பிறந்துவிட்டது. பத்திரம் ஆவணியில்தான் என்கிறார்கள். அந்த ஒரு மாதக் காத்திருப்புக்கு எங்களுக்கு வட்டி 37,000. அதனால் கிரய ஒப்பந்தம் எழுதி 2,50,000 அட்வான்ஸ் கேட்டோம், சம்மதித்தார்கள்.

வரவேண்டிய பணத்தையும் துரத்துகிறோம். ஒரு கம்பெனி இவர் செய்து கொடுத்த வேலைக்கு ஆறு மாதமாகப் பணம் தரவில்லை. உத்யம் பதிவு உள்ள சிறு பட்டறைக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் வருடச் சிறுதொழில் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மரியாதையாக, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று அட்வான்ஸ் வந்தது. பத்து வட்டிக்காரரிடம் 50,000 கொடுத்து செக், புரோநோட்டு, ரசீது மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் எழுந்தார் இவர். புரோநோட்டை அவர் கண் முன்னாலேயே கிழித்தார். மீதி 2,00,000த்தில் ஒரு கார்டு முழுதாக அடைந்தது. இந்த இரண்டிலும் சேர்த்து மாதம் 13,000க்கு மேல் மிச்சம். துண்டு விழுவது நின்றுவிட்டது. இனி மளிகைக்குக் கார்டைத் தேய்க்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வியாழக்கிழமை பத்திரப் பதிவு முடிந்தது. கையில் வந்த 6,00,000த்தில் இரண்டாவது கார்டுக்கு 1,40,000, மூணு வட்டிக்கு 2,00,000. ஆடிட்டர் சொன்னபடி மூலதன ஆதாய வரிக்கு 40,000 ஒதுக்கி வைத்தோம். 2,20,000 கட்டி நகைக் கடனைக் குறைத்தோம். நகையில் மீதமுள்ள 60,000ஐ அரசு வங்கிக்கு மாற்றுகிறோம். அங்கே வட்டி பாதிக்கும் கீழே. இரண்டு கார்டையும் மூடிவிட்டதாக எழுத்தில் வாங்கியாகிவிட்டது.

இனி எங்களுக்கு இருப்பது லோன் தவணை 18,300, சிறு நகைக்கடன், சித்தப்பா பணம். கடன் தீரவில்லை, ஆனால் வரவுக்குள் அடங்கிவிட்டது.

கடனில் இருக்கிற வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் இருக்கிற கடனையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். கொடுத்தவர் யார், எவ்வளவு சத்தம் போடுகிறார் என்று பார்க்காமல் வருட வட்டியை வைத்து வரிசைப்படுத்துங்கள். அந்தத் தாளை வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள். வட்டியில்லாமல் கொடுத்த சொந்தக்காரரிடம் நேரில் போய்த் தவணை கேளுங்கள். மிரட்டுகிறவனிடம் தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது.