முளைக்காமல் இருப்பது

கடையில் வாங்கிய பச்சரிசியை ஈரமண்ணில் தூவிவிட்டு எத்தனை நாள் தண்ணீர் தெளித்தாலும் முளைக்காது. வேகவைக்காத அரிசிதானே, ஏன் முளைக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நெல்மணியின் அடிமுனையில், ஓர் ஓரமாக, புள்ளிபோல ஒட்டிக்கொண்டிருப்பது கரு. ஆலையில் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. மீதி இருப்பது தாய்ப்பயிர் அந்தக் கருவுக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. பிள்ளையை வழியில் இறக்கிவிட்டு மூட்டையை மட்டும் நாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

விதை முளைப்பதைப் பார்த்து வியக்காதவர் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு, அது முளைக்காமல் இருப்பதில். உள்ளே உயிர் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது. ஆனாலும் சும்மா கிடக்கிறது.

எங்கள் சிவகங்கைப் பக்கம் புழுதி விதைப்பு உண்டு. காய்ந்த நிலத்தை உழுது, மழை வரும் என்ற நம்பிக்கையில் நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். எறும்பும் எலியும் குருவியும் தின்றது போக மிச்சம் மழைக்குக் காத்திருக்கும். பெருமழைக்கு முன்னால் ஒரு பொய்த்தூறல் விழுந்தால் போதும், வந்தது வினை. மேல்மண் நனைந்ததை நம்பி நெல் வாயைத் திறந்துவிடும். அடுத்து நாலு நாள் வெயில் அடித்தால் கதை முடிந்தது. அதே வயலில் கிடக்கும் களைவிதைகள் அப்படி ஏமாறுவதில்லை. ஒரு பங்கு எழும், மறுபங்கு படுத்தே கிடக்கும். எழுந்தது கருகினாலும் வம்சம் போகாது. சில களைவிதைகள் வெளிச்சம் படாமல் விழிக்காது. உழும்போது மண் புரண்டு ஒரு கணம் வெயில் பட்டுவிட்டால் அதுவே அழைப்பு. பாலைவனச் செடிகள் சிலவற்றின் விதையிலோ முளைப்பைத் தடுக்கும் பொருளே இருக்கிறது. அதைக் கழுவிக்கொண்டு போகிற அளவு மழை பெய்தால்தான் அவை அசையும்.

களையெடுத்துச் சலித்த அமெரிக்க விவசாயிகளும், இந்த விதைகள் எவ்வளவு காலம்தான் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். மிச்சிகனில் தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் பீல் 1879-ல் அதைச் சோதிக்கத் தொடங்கினார். 21 வகைச் செடிகளில் வகைக்கு 50 விதை எடுத்து, ஈர மணலோடு கலந்து, 20 பாட்டில்களில் போட்டுப் புதைத்தார். தண்ணீர் தேங்காதபடி வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒரு பாட்டில் எடுப்பதாக ஏற்பாடு. விதைகள் சாக மறுத்ததால் அது பத்து ஆண்டாகி, பிறகு இருபதாண்டானது. 2021-ல் ஒரு பாட்டிலை எடுத்தவர்கள் வெயில் பட்டுவிடக் கூடாதென்று விடியுமுன்னே இருட்டில் போய்த் தோண்டினார்கள். வெர்பாஸ்கம் என்ற களை அப்போதும் முளைத்தது. 142 ஆண்டுகள்! அடுத்த பாட்டில் 2040-ல், கடைசி பாட்டில் 2100-ல். புதைத்த இடம் ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கேள்வி கேட்ட விவசாயிகளுக்கு இந்தப் பதில் ஆறுதலாக இருந்திருக்காது.

நெல்லுக்கு இந்தப் பொறுமை ஏன் இல்லை? காட்டு நெல்லுக்கு உண்டு. முற்றியதும் தானே உதிரும், ஆழ்ந்து உறங்கும், ஆளுக்கொரு காலத்தில் எழும். அப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு யாரும் விவசாயம் செய்ய முடியாது. விதைத்ததெல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும், ஒன்றாகக் கதிர் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படி முளைத்ததையே பொறுக்கிப் பொறுக்கி விதைத்து, அதன் உறக்கத்தைக் கரைத்துவிட்டோம். நம் நெல்லுக்கு மிஞ்சியிருப்பது அறுவடைக்குப் பின் சில வாரத் தூக்கம். சில ரகங்களுக்கு அதுவும் இல்லை. அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைத்த நெல்லைக் கையில் ஏந்தி டெல்டா விவசாயி நிற்கும் படத்தை நாளிதழில் பார்த்திருப்பீர்கள்.

நெல்லின் காத்திருப்பை வாங்கிக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாகத் தாங்களே காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பத்தா வீட்டு அடுப்படி அதற்கென்றே இருந்தது. பூசணி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டியிருப்பார். அவரை விதை சாம்பலோடு பானையில் இருக்கும். சுரைக்குடுக்கைக்குள் என்ன இருக்கிறதென்று அப்பத்தாவுக்கு மட்டுமே தெரியும், கேட்டால் திட்டு விழும். விதைநெல் வைக்கோல் பிரி சுற்றிய கோட்டைக்குள், மேலே சாணி மெழுகி, தனியாக. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே என்று விதை அறிவியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சாம்பலும் அடுப்புப் புகையும் அதில் பாதியைச் செய்தன. மறுபாதியான குளிருக்கு, வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் மலையைக் குடைந்து, 2008-ல் உலக நாடுகளுக்காக ஒரு கிடங்கு திறந்தார்கள். அங்கே மைனஸ் 18 டிகிரி. அப்பத்தாவின் திட்டு மட்டும் இருக்காது.

அந்தத் திட்டுக்குக் காரணம் இருந்தது. விதைநெல்லும் சோற்றுநெல்லும் ஒரே நெல். பசி வந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் எங்கள் மாவட்டத்துக்காரர். மழை இரவில் அடியார் வந்து நிற்கிறார், வீட்டில் குன்றிமணி அரிசி இல்லை. பகலில் விதைத்த முளைநெல் நினைவுக்கு வருகிறது மனைவிக்கு. மாறனார் இருட்டில் போய்ச் சேற்றில் தடவி, அதை வாரிக்கொண்டு வருகிறார். சின்ன வயதில் கேட்டபோது மழையும் இருட்டும்தான் பெரிதாகத் தெரிந்தன. பிறகுதான் புரிந்தது, அவர் அள்ளியது அடுத்த ஆண்டை. பொன்னைக் கொடுத்தவர்களைவிட இவரை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

இதற்கு நேர் எதிராக நடந்தது ரஷ்யாவின் லெனின்கிராடில். அங்கே நிகோலாய் வாவிலோவ் உலகமெங்கும் அலைந்து சேர்த்த விதைகளுக்கு ஒரு நிறுவனம் இருந்தது. 1941-ல் ஜெர்மன் படை நகரை முற்றுகையிட்டது. அந்தக் குளிர்காலத்தில் பலருக்கு ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி. நிறுவனத்தில் கோதுமையும் நெல்லும் கடலையும் அலமாரி அலமாரியாக இருந்தன. காவல் இருந்தவர்கள் தொடவில்லை. நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ், சுற்றிலும் நெல் பொட்டலங்கள் இருக்கப் பட்டினியால் இறந்தார். நிலக்கடலையைப் பார்த்துக்கொண்ட அலெக்சாந்தர் ஷுகினும் அப்படியே. வாவிலோவை அதற்கு முன்பே ஸ்டாலின் அரசு கைது செய்திருந்தது. உலகப் பசியைத் தீர்க்க விதை சேர்த்த அந்த மனிதர் 1943-ல் சரடோவ் சிறையில், உணவின்றி உடல் நலிந்து இறந்தார். காவல் இருந்தவர்கள் அந்த விதைகளைத் தின்றிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? மாறனாரும் இவானோவும் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

குளிர்க்கிடங்கு இல்லாத விவசாயிக்கு நெல்லை வருஷக்கணக்கில் பூட்டிவைக்க வழியில்லை. விதைத்து, அறுத்து, மறுபடி விதைத்தால்தான் ரகம் மிஞ்சும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் இதைத்தான் செய்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான் என்று 2018-ல் அவர் மறையும்போது 174 ரகங்களை மீட்டிருந்தார். விழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கிடைக்கும். அடுத்த விழாவுக்கு வரும்போது அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். இந்தக் கணக்கில் பணத்துக்கு வேலையில்லை. வாங்கிப் போனவர் விதைத்தே ஆக வேண்டும். குத்திச் சமைத்துவிட்டால் ஒரு வேளைச் சோறு, அடுத்த திருவிழாவில் வெறுங்கை.