ஒரு பல் தள்ளிய பெல்ட்

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் போன வாரம் லீவுக்கு வந்திருந்தான். "அப்புச்சி, லேத்துல சக் சும்மா சுத்திட்டுத்தானே இருக்கும்? அது எந்த இடத்துல நிக்குதுன்னு மிஷினுக்கு எதுக்குங்க தெரியணும்?" என்று கேட்டான். பட்டறையில் வேலை பார்த்த என் வயதுக்காரர்களும் ஒரு காலத்தில் கேட்ட கேள்விதான் இது.

நான் கற்றுக்கொண்ட லேத்தில் ஸ்பிண்டில் சுற்றும், அவ்வளவுதான். ஒரு துண்டில் ஆறு பட்டை வேண்டுமென்றால், அதைக் கழற்றி மில்லிங் மிஷினுக்குக் கொண்டு போய் டிவைடிங் ஹெட்டில் மாட்டுவோம். கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் துண்டு ஒரு முழுச் சுற்று திரும்பும். ஆறு பட்டைக்கு ஒவ்வொரு முறையும் ஆறு முழுச் சுற்று, அதற்கு மேல் 18 ஓட்டை வரிசையில் 12 ஓட்டை நகர்த்த வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். தாண்டிவிட்டுப் பின்னால் திருப்பினால், பல்லில் இருக்கும் லொடலொடப்பு கோணத்தைத் தின்றுவிடும்.

சி.என்.சி. வந்தபின் ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் என்கோடர் என்று ஒரு சிறு பெட்டி வந்தது. பல் வைத்த பெல்ட் வழியாக ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றும். எங்கள் மிஷினில் அது ஒரு சுற்றுக்கு 1024 முறை துடிக்கும். அது போக, சுற்றுக்கு ஒரே ஒரு முறை தனியாக ஒரு துடிப்பு வரும். மரை வெட்டும்போது டூல் அந்த ஒற்றைத் துடிப்புக்குக் காத்திருந்து கிளம்புவதால்தான், பத்து முறை ஓட்டினாலும் அதே காடியில் விழுகிறது. பல மிஷின்களில் எம்19 என்று கொடுத்தால் ஸ்பிண்டில் சொன்ன கோணத்தில் வந்து நிற்கும். சி ஆக்ஸிஸ் இருந்தால் அதற்கும் மேலே. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஆணை கொடுக்கலாம். மெதுவாகத் திருப்பிக்கொண்டே பட்டையும் வெட்டலாம், ஓட்டையும் போடலாம். துண்டைக் கழற்றவே வேண்டாம்.

இனி, பேரனிடம் சொன்ன கதை.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் நான் ஃபோர்மேன். போர்வெல் ரிக் வண்டிகளுக்குச் சாமான் செய்வோம். ஒரு பிளாஞ்சு வேலை. கீவே முன்னமே வெட்டி வரும். அதைச் சக்கிலிருக்கும் பின்னில் உட்கார வைத்து, சி ஆக்ஸிஸில் ஆறு போல்ட் ஓட்டை போட வேண்டும். இருபது துண்டு போனது. ரிக்கில் மாட்டப் போனவர்கள் திரும்பக் கொண்டு வந்தார்கள். தண்டில் கீவே உட்கார்ந்தால் போல்ட் எதிர்த் துண்டோடு நேர் வரவில்லை.

மிஷின் ஓட்டிய பையனுக்கு இருபது வயதிருக்கும். "பின்னுல சரியா உட்கார வெச்சியா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். "வெச்சேனுங்கண்ணா. எதையும் மாத்தலீங்க" என்றான். நம்பவில்லை. அந்த மாதம் சம்பளத்தில் பிடித்தம் போட்டார்கள். அடுத்த வாரம் அவன் வேலைக்கு வரவில்லை.

அவன் போன பிறகுதான் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் 60 டிகிரி, துளியும் பிசகில்லை. கீவேயிலிருந்து மட்டும் எல்லாமே 6 டிகிரி தள்ளியிருந்தன. இருபதிலும் அதே 6. கை தப்பினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தப்பும். எல்லாம் ஒரே அளவு தப்பினால் அது கை இல்லை. புரோகிராமைப் பார்த்தேன், அதில் தவறில்லை.

பின்பக்க மூடியைக் கழற்றினேன். என்கோடர் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. அந்தப் புல்லியில் 60 பல். ஒரு பல் தாண்டினால் சரியாக 6 டிகிரி. மிஷின் தன் பூஜ்ஜியத்தில்தான் நிற்பதாக நினைத்துக்கொண்டு தள்ளி நின்றிருக்கிறது. திரையில் அலாரம் எதுவும் வரவில்லை.

இருபது நாளைக்கு முன் அந்தப் பெல்ட்டை மாற்றியவன் நான். டென்ஷன் சரி பார்க்காமல் மூடியவனும் நான்.

முதலாளியிடம் சொன்னேன். பிடித்த பணத்தைக் கொடுத்துவிட ஒப்புக்கொண்டார். வாங்கிக்கொள்ளத்தான் பையன் இல்லை. ரிக்கில் ஏறி வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பல வருடம் கழித்து திருச்செங்கோட்டு வைகாசித் தேரில் பார்த்தேன். தோளில் குழந்தை. "அந்தப் பிளாஞ்சு உன் தப்பில்லை தம்பி. பெல்ட்டு. நான் மாட்டினது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அன்னைக்கே அளந்து பாத்திருக்கலாமுங்கண்ணா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

பேரன் கேட்டுவிட்டு, "இப்ப அதுக்கு என்ன பண்றதுங்க அப்புச்சி?" என்றான். பெல்ட்டைத்தான் கேட்டான். மாற்றியதும் பூஜ்ஜியத்தை மறுபடி வைத்து, முதல் துண்டைக் கீவேயிலிருந்து அளந்து பார்க்க வேண்டும் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டான்.